சூட்டுக்குக் காசு கட்டின பேத்திக்கு

ஓம் பிள்ளை, நீ ஸ்காபரோவில இருந்து அனுப்பின படம் கிடைச்சது. உன்ர தம்பிதான் போனைப் பெரிசாக்கிக் காட்டினவன். கண்ணாடிச் சுவர் வைச்ச ஒரு அறை. முப்பது சனம், மழையில நனைஞ்ச கோழி மாதிரி ஒற்றைக் காலில நிக்குது. வெள்ளம் வந்திட்டுது எண்டுதான் நான் முதலில நினைச்சன். “இல்லை அம்மப்பா, அது வேர்வை. சூடாக்கின அறையில யோகா. காசு கட்டி வேர்க்கினம்” எண்டான். பிறகு நான் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. வேர்க்கிறதுக்குக் கட்டணம் எண்டு வந்தால் கந்தளாயில முழுச் சனமும் கடனாளி.

சூடுதான் வேணும் எண்டால் ஆடி மாசம் இஞ்ச வா. கச்சான் காத்து மலைநாட்டில மழையை எல்லாம் கொட்டிப்போட்டு, வெறுங்கையோட எங்கட பக்கம் வந்து வாட்டும். பின் வளவில நெல்லு மூட்டை அடுக்கிற தகரக் கொட்டில் இருக்கு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் உங்கட ஹீற்றர் எல்லாம் வெட்கப்படும். பாய்க்குப் பதிலா உரச்சாக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுற காசை எனக்கு வெத்திலைக்குத் தா, காணும்.

பகிடி விட்டாலும் ஒண்டு சொல்லிப்போட வேணும். ‘வயலில வேலை செய்தவனுக்கு யோகா எதுக்கு’ எண்டு சொல்லுற ஆள் நானில்லை. வேலை வேற, யோகா வேற. அறுபது வருசம் நாத்து நட்டு, கதிர் அறுத்து, மூட்டை சுமந்த என்ர முதுகைப் பார். கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு கிடக்கு. உடம்பை நிமித்திற வேலை எண்டால் செய், நல்லா செய். எனக்கு விளங்காதது அந்தச் சூடுதான்.

தம்பியை விட்டுத் தேடுவிச்சன். விக்ரம் சௌத்ரி எண்டு கல்கத்தாக்காரர் ஒருத்தர் பரப்பின முறையாம் இது. மூச்சுப் பயிற்சியும் சேர்த்து 26 நிலை, 90 நிமிசம், 40 பாகைச் சூடு, காத்தில 40 வீத ஈரம். அவருக்குப் பழக்கினவர் விஷ்ணு சரண் கோஷ். பரமஹம்ச யோகானந்தர் எண்டு பெரிய சாமியார் இருந்தாரே, அவரின்ர தம்பி. கல்கத்தாவில ஆர் ஹீற்றர் போட்டு யோகா பழகினது, பிள்ளை? யன்னலைத் திறந்தால் சூடு தானா உள்ள வரும். யப்பானில குளிர் தாங்காமல்தான் அறையைச் சூடாக்கத் தொடங்கினதா அவரே கதை சொல்லியிருக்கிறார். குளிருக்கு மூட்டின அடுப்பு, பிறகு அதுவே சமையல் எண்டு ஆச்சு.

அதோட விட்டாரோ? இந்த 26 நிலையும் இந்த ஒழுங்கும் எனக்குச் சொந்தம், வேற ஒருத்தரும் பழக்கக் கூடாது எண்டு அமெரிக்காவில கோட்டுக்குப் போனவர். 2015இல மேல்முறையீட்டு நீதிமன்றம், உடற்பயிற்சி ஒழுங்குக்குப் பதிப்புரிமை கிடையாது எண்டு சொல்லிப்போட்டுது. கும்பிட்டுக் குனியிறதுக்கு வரி கேட்ட ஆளை நான் இப்பதான் கேள்விப்படுறன். அடுத்த வருசம், அவரிட்டையே வேலை செய்த பெண் சட்ட ஆலோசகர் ஒருத்தர் போட்ட பாலியல் தொந்தரவு வழக்கில, 70 இலட்சம் டொலருக்கு மேல கட்டச் சொல்லி லொஸ் ஏஞ்சலிசில ஜூரி தீர்ப்பு. அந்தாள் நாட்டை விட்டுப் போயிட்டார். ஹீற்றர் மட்டும் அங்க நிக்குது.

சரி, ஆள் எப்படியும் போகட்டும், சூட்டில ஏதும் சத்து இருக்கோ எண்டு கேட்டன். ரெக்சசில ஆராய்ச்சி செய்து 2018இல எழுதியிருக்கினம். நடு வயசுக்காரரை மூண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு 40.5 பாகை அறை, இன்னொண்டுக்கு 23 பாகை அறை, மூண்டாவதுக்கு யோகாவே இல்லை. யோகா செய்தவைக்கு அதே 26 நிலை, 12 கிழமை. முடிவில யோகா செய்த ரெண்டு கூட்டத்துக்கும் இரத்தக் குழாய் நல்லா விரிஞ்சு குடுக்குதாம். நல்லது செய்தது குனிஞ்சு நிமிர்ந்த குனிவுதான். இரத்தக் குழாய் விசயத்தில சூடு, கலியாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, ஒரு வேலையும் செய்யாமல் பந்தியில மட்டும் குந்திக் கொண்டிருந்திருக்கு.

வேர்வையோட நஞ்செல்லாம் வெளியால போகுது எண்டு உன்ர வகுப்பில சொல்லுவினம். நம்பாத. வேர்வை எண்டால் தண்ணியும் உப்பும். நஞ்சைக் கழுவுற வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் குடுத்திருக்கு. தண்ணி இல்லாமல் காயப் போட்டால் அந்தச் சிறுநீரகமே கோவிக்கும். எங்கட மாவட்டத்தில பதவிசிறிபுரப் பக்கம் எத்தினை விவசாயி சிறுநீரக வருத்தத்தோட கிளினிக்குக்கு அலையுது. ஏன் வந்தது எண்டு இன்னும் ஒரு முடிவில்லை, ஆனால் வெயிலையும் தண்ணி குடிக்காததையும் டொக்டர்மார் சந்தேகப் பட்டியலில வைச்சிருக்கினம். ஒரு வகுப்பில ஒரு கிலோ குறைஞ்சது எண்டு எழுதியிருந்தாய். ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ, மகள். வீட்ட போய்ச் செம்பைக் கவிழ்க்க அது திரும்பி வந்திடும்.

எங்கட திண்ணையில இருக்கிற மண்முட்டி ஞாபகமோ? சின்னனில அதுக்குள்ள கையை விட்டு அம்மம்மாட்டை அடி வாங்கினனீ. கச்சான் அடிக்கிற நாளில அதின்ர வெளிப்பக்கம் நனைஞ்ச மாதிரியும் காய்ஞ்ச மாதிரியும் இருக்கும், உள்ள தண்ணி பல்லுக் கூசும். மார்கழி மழையில அதே முட்டி சொதசொத எண்டு ஊறிக் கிடக்கும், தண்ணி சும்மா பச்சைத் தண்ணிதான். கசியிற தண்ணி காய்ஞ்சு போனால்தான் முட்டி குளிரும். உடம்பும் அந்த முட்டிதான். உன்ர வகுப்பில கதவு பூட்டு, ஈரக் காத்து, முப்பது பேரின்ர மூச்சு. வேர்வை எங்க காயிறது? நிலத்தில சொட்டுது. சொட்டுற வேர்வையால உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, தும்புத்தடிக்காரிக்குத்தான் வேலை. அமெரிக்காவில 2015இல 20 பேருக்கு உள்சூடு அளக்கிற குளிசையை விழுங்கக் குடுத்து இந்த வகுப்பில விட்டுப் பார்த்திருக்கினம். ஒருத்தருக்கு 40 பாகையைத் தாண்டிப் போச்சு. இஞ்ச பிள்ளையளுக்கு அந்தளவு காய்ச்சல் எண்டால் நாங்கள் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுவம்.

உடனே காசைத் திருப்பிக் கேட்டுடாத. அவங்கள் தரப் போறதில்லை, நீயும் என்ர பேத்தி, கட்டின காசுக்குப் போகாமல் இருக்க மாட்டாய். அப்ப, போற மாதிரிப் போ.

கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகமோ? ராவணன் தாய்க்குக் கடமை செய்ய வாளால குத்தின இடம் எண்டு சொல்லுவினம். ஏழு கிணறு, ஏழும் ஏழு சூடு. புதுசா வாற ஆள் எது பெரிய சூடு எண்டு தேடிப் போய் ஒரு வாளியைத் தலையில கவிழ்த்துப்போட்டு ‘ஆ’ எண்டு துள்ளும். பழகின கிழவி முதலில காலுக்கு ஊத்துவா, பிறகு முழங்காலுக்கு, பிறகுதான் தோளுக்கு. நீ கிழவி மாதிரிப் போ. கதவடியில பாயைப் போடு. முதல் நாள் பாதி செய், மிச்சத்துக்கு இருந்து மற்றவையைப் பார்.

சிறுபோக வெட்டுக்குக் கொழும்பில இருந்து ஒரு மருமகப் பெடியன் வந்தவன். ஜிம் உடம்பு. ‘மாமா, நான் ஒரு ஏக்கர் முடிப்பன்’ எண்டான். பத்தரை மணிக்கு வரம்பில குப்புறக் கிடந்தான். எங்கட கூலிக்காரப் பெம்பிளையள் அரிவாளை வைச்சிட்டு வந்து அவனை நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழட்டி, நனைச்ச சாரத்தைப் போர்த்தி, விசிறியால விசிறிச்சினம். ஒரு சிரிப்பு, ஒரு பேச்சு இல்லை. எழும்பின பிறகுதான் சிரிச்சவை, அதுவும் மூண்டு வருசத்துக்கு. உடம்பு சூட்டைப் பழகப் பத்துப் பதினாலு நாள் எடுக்கும். ஜிம்மில செய்த தோளுக்கு அது தெரியாது.

வகுப்புக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல் ரெண்டு கிளாஸ் தண்ணி குடி. வயிறு முட்டச் சாப்பிட்டுப் போகாத. முடிஞ்ச பிறகு தேசிக்காய்த் தண்ணிக்கு ஒரு சிட்டிகை உப்பு. தலை சுத்தினால், ஓங்காளிச்சால், வேர்த்துக்கொண்டிருந்த உடம்பு திடீரெண்டு குளிர்ந்தால் வெளியால வா. ‘அறையை விட்டுப் போகக் கூடாது’ எண்டு வாத்தியார் சொன்னால், ‘மூத்திரம்’ எண்டு சொல்லு. அதுக்கு எந்த யோகியும் மறுப்புச் சொல்ல ஏலாது. உன்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாத, அவ பிறசர்க் குளிசை போடுறவ. வயித்தில பிள்ளை தங்கினால் நீயும் போகாத. (இதை நான் கேள்வியா எழுதேல்லை. எழுதினதா அம்மம்மா நினைச்சால் நான் பொறுப்பில்லை.)

இன்னொண்டு. சூட்டில தசை இளகி நிக்கும், நேற்று எட்டாத கால்விரல் இண்டைக்கு எட்டும். அங்கதான் ஆபத்து. ஒட்டகம் எண்டு பின்பக்கமா வளையிற நிலை ஒண்டு இருக்காமே, அதில கவனம். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் எங்கட குளக்கட்டு உடைஞ்சது, நூற்றுக்கு மேல சனம் போச்சு. அதை வைச்சு நான் பகிடி விடமாட்டன். ஆனால் அதுக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் தாங்கும் எண்டு ஆர் எதைச் சொன்னாலும் எனக்கு நெஞ்சு திக்கெண்டும். உன்ர முழங்காலும் முதுகும் எனக்குத் தேவை. எட்டின இடத்துக்கு ஒரு சாண் முன்னால நில்.

சவாசனம் மட்டும் குறைவில்லாமல் செய். செத்த மாதிரிக் கிடக்கிறது. மத்தியானச் சோத்துக்குப் பிறகு நான் அதைத் தினமும் ரெண்டு மணித்தியாலம் செய்யிறன், இதுவரைக்கும் ஒரு காயமும் இல்லை.

கடைசியா ஒரு விசயம், உனக்கு மட்டும். போன வெள்ளிக்கிழமை அம்மம்மா கோயிலுக்குப் போன நேரம் தகரக் கொட்டிலுக்குள்ள போய், உன்ர படத்தைப் பார்த்துக் கருடாசனம் செய்து பார்த்தனான். ஒரு காலை மற்றக் காலில சுத்திறது சுகமா வந்தது. அவிழ்க்கிறதுதான் வரேல்லை. நெல்லு மூட்டையில சாயலாம் எண்டு கையை நீட்ட, அதில உறைய வைச்சிருந்த தயிர்ச்சட்டி ரெண்டும் போச்சு. பூனை தட்டிப்போட்டுது எண்டு சொல்லிப்போட்டன். மூண்டு நாளா அந்தப் பூனைக்கு அடியும் ஏச்சும். அது திண்ணையில இருந்து என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. நீ ஆறுதலா இருக்கேக்க, வலது காலை எந்தப் பக்கத்தால அவிழ்க்கிறது எண்டு மட்டும் தம்பின்ர போனுக்கு எழுது.