கல்லு ஆடும் நெச ஆடும்

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் கண்டுமுதல் காணாத களத்துமேடு மாதிரி கெடக்கு? ஓ, பையன் செல்லுல கேம் ஆடுறான்னு பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டியா? சபாஷ்! பன்னெண்டு வயசுப் பிள்ளையை ஒத்தை ஆளா நின்னு ஜெயிச்சிருக்கியே, கட்டபொம்மனுக்கு அடுத்து நீதான்.

அந்த வயசுல நீ மட்டும் யோக்கியமா? பிள்ளையார் கோயில் கல்லுல கீறின ஆடு புலி ஆட்டக் கட்டம் இன்னும் அழியல. மூணு புலி, பதினஞ்சு ஆடு. நீ உக்காந்தா உங்கம்மா சோத்துக்குக் கூப்பிட்டே தொண்டை வத்திப்போவா. வீட்டு நெச ஆடு அடுத்தவன் கம்மங்காட்டுல மேயும். நீ இங்க கல்லு ஆட்டுக்குக் காவல். அபராதம் கட்டுனது யாரு? தாய்மாமன் நான்தான். அதுக்காக நீ கெட்டா போயிட்டே? கொஞ்சந்தானே.

நர்சுக்குப் படிக்கிறாளே என் பேத்தி, அவ போன வாரம் ஒரு சேதி சொன்னா. டெட்ரிஸ்னு ஒரு ஆட்டமாம். 1984-ல மாஸ்கோவுல அலெக்ஸி பஜித்னவ்னு ஒருத்தர் செஞ்சது. மேலயிருந்து கட்டை கட்டையா விழும். இடுக்கு விழாமத் திருப்பி அடுக்கணும். ஒரு வரிசை நிறைஞ்சா அந்த வரிசையே காணாமப் போயிடும். நம்மூரு கான்ட்ராக்டர் கட்டுன பாலமாக்கும்னு நெனச்சேன். இல்லையாம், ஆட்டமே அப்படித்தானாம்.

இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி விபத்துல சிக்கி வந்த 71 பேரை ரெண்டு கூட்டமாப் பிரிச்சாங்களாம். ஒரு கூட்டத்துக்கு, விபத்து நடந்து 6 மணி நேரத்துக்குள்ள, அதைக் கொஞ்சம் நெனைச்சுப் பாக்கச் சொல்லிட்டு இந்த ஆட்டத்தைக் குடுத்தாங்க. அடுத்த ஒரு வாரத்துல அந்தக் கோரம் கண்ணு முன்னால வந்து வந்து நிக்கிறது, ஆடாதவங்களைவிட இவங்களுக்கு 62 சதவீதம் கம்மி. 2017-ல வெளியான ஆராய்ச்சி.

நீ கொத்தனாரு, உனக்கு வெளக்கணுமா? ஈரச் சிமெண்டுல நாய் ஓடிடுச்சுன்னா என்ன செய்வே? இறுகுறதுக்குள்ள கரண்டியால ஒரு இழுப்பு. விடிஞ்சு வந்து தேச்சா தடம் போகுமா? மனசும் அப்படித்தான். காட்சி பதிஞ்சு இறுகுறதுக்குள்ள கண்ணுக்குக் கட்டை அடுக்குற வேலை குடுத்துட்டா, தடம் அவ்வளவு ஆழமா விழாது.

ஜப்பான்ல இன்னொரு கூத்து. கொரோனா காலத்துல கேம் பெட்டிக்குத் தட்டுப்பாடு. கடைக்காரங்க சீட்டுக் குலுக்கிப் பேரு விழுந்தவனுக்குத்தான் வித்தாங்க. ஆராய்ச்சிக்காரங்க விடுவாங்களா? 97,602 பேருகிட்ட விசாரிச்சாங்க. பேரு விழுந்து வாங்கி ஆடினவங்க மனசு, மத்தவங்களைவிடத் தெளிவா இருந்துச்சாம். ஆனா ஒரு நாளைக்கு 3 மணி நேரத்தைத் தாண்டினா அந்த நன்மை தேயுதாம். அமெரிக்காவுல 2020-லயே, ஒரு எடத்துல கவனம் நிக்காத பிள்ளைகளுக்கு டாக்டர் சீட்டு எழுதிக் குடுக்குற கேமுக்கு அரசாங்கம் அனுமதி குடுத்துடுச்சு. மருந்து ஆட்டமா வருது, நீ பீரோவுல பூட்டுறே.

உடனே தலையை ஆட்டாதே. ஆட்டத்துக்காகச் சோறு, தூக்கம், படிப்பு எல்லாம் மாசக் கணக்குல சீரழிஞ்சா அதுக்கு நோய்னே பேரு வச்சிருக்கு உலக சுகாதார நிறுவனம். அப்ப டாக்டர்கிட்டப் போ; பூட்டை நம்பாதே. காசு கட்டி ஆடுறது விளையாட்டே இல்ல, சூது. சந்தேகம்னா தருமரைக் கேளு.

அப்புறம் உன் கணக்கு. ரீல்ஸ் பாத்துக்கிட்டே பச்ச மிளகாயை பீன்ஸுன்னு மென்னு, ராத்திரி பூரா தண்ணி குடிச்சவன் யாரு? பையன் ஆட்டத்துல அடுத்த அடிக்கு மூளையாவது வேலை செய்யுது. உன் கையில கட்டைவிரல் மட்டுந்தான் ஓடுது.

போ, பீரோவைத் தொற. ஒரு மணி நேரம்னு அவன்கிட்டயே பேசி முடிவு பண்ணு. பக்கத்துல உக்காந்து நீயும் ஆடித் தோத்துப்போ. அப்பந்தான் பிள்ளை மனசுல என்ன கவலை இருக்குன்னு உன் காதுல விழும். சாயங்காலம் ரெண்டு பேரும் கோயில் கல்லுக்கு வாங்க. புலி எனக்கு, ஆடு உங்களுக்கு.

வரும்போது அந்தக் கம்மங்காட்டு அபராதத்தையும் எடுத்துட்டு வா மாப்ளே. இன்னும் வரவு வைக்கல.