பழைய காருக்குப் பல்லாண்டு

முதுமைக்கு மரியாதை இல்லாத காலம் இது என்று குறைப்படுகிறவர்கள் பதுளைக்கு வந்து ஒரு பழைய காருக்கு விலை கேட்டுப் பார்க்கட்டும். அரச ஊழியரை 60 வயதில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தோட்டத்தில் வயது போனவரின் பேரைச் செக்ரோலில் இருந்து வெட்டுகிறார்கள். இந்த நாட்டில் கார் ஒன்றுக்குத்தான் வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிறது. மற்ற நாடுகளில் புதுக் கார் கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கிவிடுமாம். பாவம், பெரியவர்களை மதிக்கத் தெரியாத நாடுகள்.

இந்த நற்பண்பை எங்களுக்குப் பழக்கியது அரசாங்கம். டொலரை மிச்சம் பிடிப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி. கிட்டத்தட்ட ஐந்து வருடம் தம்பி தங்கை யாரும் பிறக்காததால், இருந்த கார்கள் எல்லாம் வீட்டின் கடைக்குட்டிகளாகவே செல்லம் கொண்டாடின. மிச்சம் பிடித்த டொலரும் வெகு பத்திரமாக இருந்தது. எவ்வளவு பத்திரம் என்றால், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டத் தேடியபோது அரசாங்கத்துக்கே அது அகப்படவில்லை.

அந்த வருடம் ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. ஜூலையில் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். நமுனுகுலப் பக்கத்துக் கார்க்காரர்கள் பதுளைக்கு இறங்கி, வரிசையில் நின்று, அடித்த பெற்றோலில் ஒரு பங்கைத் திரும்பி ஏறும் மலைக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வீடு வந்தார்கள். அந்த நாட்களிலும், ஓடாமல் நின்ற காருக்கு ஓடுகிற காரின் விலையைக் கூசாமல் சொன்ன சாமர்த்தியம் வேறு எந்தச் சந்தைக்கு வரும்?

இறக்குமதி திறந்தால் விலை சரியும் என்று சில அவசரக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்படிச் சரிந்து யாருக்கும் அடிபட்டுவிடக்கூடாதே என்று, கதவைத் திறக்கும்போதே வரியை முட்டுக்கொடுத்து வைத்தார்கள். சுங்கத் தீர்வை 20 வீதம். அது தனியாக நின்று தவிக்கக்கூடாது என்று அதில் பாதியளவு மேலதிகத் தீர்வை. எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி. பெறுமதி ஒரு வரம்பைத் தாண்டினால் சொகுசு வரி. தீர்வைகளையும் உற்பத்தி வரியையும் காரின் பெறுமதியோடு கூட்டி, கூட்டிய தொகைக்கு மேல் 18 வீதம் வற். பொருளுக்கு வரி போடுவது எல்லா நாட்டு அரசுக்கும் தெரியும். போட்ட வரிக்கும் வரி போடுகிற நுட்பம் கைவரச் சற்றுத் தவம் வேண்டும்.

ஆகவே புதுக் காரைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு எல்லாரும் பழையதிடமே வந்து சேர்கிறார்கள். அதிலும் ஊவாவில் டிக்கி உள்ள காருக்குத்தான் மவுசு. டிக்கி இல்லாத சின்னக் காரில் மாப்பிள்ளை வந்து இறங்கினால் சம்பந்தியின் முகம் சுருங்கிவிடும். அதனால் டாக்டர் சன்னி, ட்ராட் சன்னி என்று பட்டப் பெயர் பெற்ற பழைய நிசான் கார்களில் தொடங்கி, கொரொல்லா வழியாக, அக்சியோ, ஹொண்டா கிரேஸ் வரைக்கும் ஆசை படிப்படியாக ஏறுகிறது. படிக்குப் படி இலட்சங்களும் ஏறுகின்றன.

தொண்டைமானின் ஆயுதசாலைக்குத் தூது போன ஔவையார், நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த அவனுடைய வேல்களை மனமாரப் புகழ்ந்தார். எங்கள் அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் இன்றைக்குப் பதுளை வீதியோரத்துக் கார் முற்றம் ஒன்றைப் பார்த்தாலும் அதே பாட்டைத்தான் பாடுவார். இங்கே வரிசையாக நிற்பவை எல்லாம் மெழுகு பூசி மினுங்குகின்றன. ஓடி உழைக்கிற கார்கள்தான் ஒயில் வடிய கராஜில் கிடக்கின்றன.

அப்படி மினுங்கிய ஒரு வெள்ளை அக்சியோவைப் பார்க்க ஓர் இளம் ஆசிரியர் தகப்பனாரோடு போனபோது நானும் கூட நின்றேன். தகப்பனார் தேயிலை ஸ்டோரில் மெஷின் பார்த்து ஓய்ந்தவர். மீட்டர் 48,000 கிலோமீற்றர் காட்டியது.

"சேர், இதில வேலையே இல்ல. பெற்றோல அடிச்சிட்டு ஓடுறது மட்டுந்தான்" என்றார் தரகர்.

தகப்பனார் வாய் திறக்கவில்லை. கதவைத் திறந்து, குனிந்து, பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பரில் இருந்த வரிகள் அழிந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கை பிடிக்கும் இடமும் சொரசொரப்புப் போய்ப் பளபளத்தது.

"தம்பி, நாப்பத்தெட்டாயிரத்துக்கு இப்பிடித் தேயுமா?"

"ஐயா, ஓடினது ஒரு டொக்டர் அம்மா. எந்த நேரமும் சப்பாத்துக் காலோடதான் ஓடுவாங்க."

"சரி தம்பி. கையிலயும் சப்பாத்துப் போட்டிருந்தாங்களா?"

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் விலை ஒரு ரூபா கூட ஆடவில்லை. கொண்ட கொள்கையில் இத்தனை உறுதி உள்ளவர்களை அரசியலில் தேடினாலும் கிடைக்காது.

அந்த மீட்டரையும் ஒரு வார்த்தை புகழ வேண்டும். உலகத்தில் எல்லாம் கூடிக்கொண்டே போகிறபோது, தான் மட்டும் குறைத்துச் சொல்லும் அடக்கம் அதற்கு உண்டு. ஜப்பானில் கார் ஏலத்துக்கு வந்தால், ஓடிய தூரத்தையும் அடிபட்ட இடத்தையும் ஒரு தாளில் குறித்து வைப்பார்கள். அங்கே புதுக் காருக்கு மூன்று வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தப் பரிசோதனைப் பத்திரத்திலும் மீட்டர் பதிவாகும். இத்தனை கெடுபிடியில் வளர்ந்த கார், கடல் கடந்து இங்கே நாலு கை மாறியதும் இளமை திரும்பிவிடுகிறது. கூட வந்த ஏலத் தாள் மட்டும் கேட்கிற அன்றைக்குக் கைவசம் இருப்பதில்லை.

டொக்டர் அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பரங்களை நம்பினால், விற்பனைக்கு வரும் கார்களில் பாதியை அவர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். அத்தனை பேர் உண்மையில் இருந்தால் நாட்டில் எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளி வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. மீதிப் பாதியின் சொந்தக்காரர்கள் அவசரமாக வெளிநாடு போகிறவர்கள். போன வருடமும் அவசரமாகப் போனார்கள், இந்த வருடமும் அதே காரை விற்றுவிட்டு அவசரமாகப் போகிறார்கள். வாங்குகிறவனைத் தவிக்க விட்டுப் போக மனம் வராத நல்ல உள்ளங்கள்.

கையில் காசு இல்லையே என்று கலங்கத் தேவையில்லை. லீசிங் இருக்கிறது. லீசிங் போட்ட காரின் பதிவுப் புத்தகத்தில் இரண்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். ஒருவர் பதிவு உரிமையாளர், மற்றவர் முழு உரிமையாளர். பெற்றோல் அடிப்பது, டயர் மாற்றுவது, காப்புறுதி கட்டுவது, புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போவது, வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பது, மாதம் பிறந்ததும் தவணை கட்டுவது எல்லாம் முதலாமவர் பொறுப்பு. இரண்டாமவருக்கு ஒரே வேலைதான்: உரிமையாளராக இருப்பது. இவ்வளவு அழகான வேலைப் பங்கீட்டை எங்கள் தோட்டங்களிலேயே நூற்றைம்பது வருடமாகப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால், கையெழுத்துப் போடும்போது எங்களுக்குக் கை நடுங்குவதில்லை.

லீசிங் கம்பனிகளின் அக்கறைக்கு இன்னொரு சான்று. தவணை தவறத் தொடங்கினால் வீடு தேடி ஆள் வருகிறது. ஆம்புலன்ஸ் ஏற யோசிக்கிற வீதி, மழைக்காலத்தில் பஸ் திரும்பிப் போகிற வீதி, தபால்காரர் கீழே கடையிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற லயம் எல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசி லயத்துக்கும் வந்து சேர்ந்து, காரை ஒரு கீறல் படாமல் இறக்கிக்கொண்டு போகிறார்கள். மலையக மக்களின் வாசலுக்கே வருகிற சேவை வேறு எது இருக்கிறது?

சந்தையில் நம்பிக்கை செத்துப்போகவில்லை என்பதற்கு அத்தாட்சி 'ஓபன் பேப்பர்'. விற்கிறவர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்தைப் போட்டு, வாங்குகிறவர் பேரை எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். கார் பண்டாரவளையில் ஒருவர், பசறையில் ஒருவர் என்று கை மாறிக்கொண்டே போகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் மட்டும் முதல் ஆளே உரிமையாளர். பிறகு அந்தக் கார் எங்காவது ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனால், பொலிஸ் மரியாதையாக அவர் வீட்டைத்தான் தட்டும். விற்ற காரை ஆயுளுக்கும் தன் பேரிலேயே வைத்திருக்கும் பாக்கியம் கையெழுத்து ஒன்றின் செலவில் கிடைக்கிறது.

இப்படிப் பாடுபட்டு வாங்கிய காரை ஓட்டி மகிழ எங்களுக்கு வாய்த்த வீதிகளைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். எல்ல, பசறை வழிகளில் தார் இருக்கிறது. அதைவிட்டு ஸ்பிரிங்வெலி, கனவரெல்ல பக்கத்துத் தோட்ட வீதிக்குள் திரும்பியதும் உண்மையான கல்வி ஆரம்பிக்கிறது. அக்சியோவின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் ஒரு சாண் கூட இடைவெளி இல்லை. கல்லுக்குக் கல் தட்டித் தட்டி, எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பதை வீதியே சொல்லிக் கொடுக்கும். முன் பம்பரின் கீழ் உதடு முதலாவது மழைக்காலத்தோடு போய்விடும், ஒயில் தொட்டி இரண்டாவதோடு. சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் காசு வாங்கியும் தராத அறிவு இது.

வீதியைத் திருத்தச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால் அது சபையின் வேலை என்பார்கள். தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாதபடி பிரதேச சபையின் கையைச் சட்டம் வெகுகாலம் கட்டி வைத்திருந்தது. 2018 இல் சட்டத்தைத் திருத்திக் கட்டை அவிழ்த்தார்கள். கை சுதந்திரமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை வேலை வாங்கிக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கார் வந்து இறங்கியபோது எடுத்த அத்தனை வரியும் கல்லாக, குழியாக எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மனம் ஆறும்.

கணக்குப் பார்க்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் போட்டார்கள். ஒரு பழைய கார் 60 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளத்தில் 4,445 நாள் கொழுந்து எடுத்தால் போதும். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் பதினைந்து வருடத்துக்கும் இரண்டு மாதம் குறைவு. அதுவரை சோறு, துணி, மருந்து, பிள்ளையின் படிப்பு என்ற வீண் செலவுகளைத் தவிர்த்தால் வட்டி இல்லாமல் கார் வாசலில் நிற்கும். ஒழுங்காக ஒரு பின்னேர பஸ் ஓடியிருந்தால் பாதிப் பேர் இந்த வழிக்கே வந்திருக்க மாட்டார்கள். இத்தனை வியாபாரிகளின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் அந்த பஸ் ஓடுவதில்லை போலும்.

இத்தகைய சந்தையை அவமதிக்கிற அற்பர்களும் உண்டு. அவர்கள் விடியற்காலையில் வந்து நிற்பார்கள். பொனட்டைத் தொட்டு, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படித்து, முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம் என்று அதன் வயதைக் கணக்கெடுப்பார்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஒட்டு வேலை இருக்கிறதா என்று தடவுவார்கள். ஹைபிரிட் என்றால் பற்றரியைச் சோதிக்கக் கருவியோடு வருவார்கள். செஸி இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, முழு உரிமையாளர் இடத்தில் யாருடைய பேர் இருக்கிறது என்று விரல் வைத்துக் கேட்பார்கள். ஓபன் பேப்பரை நீட்டினால் வாங்காமல், இரண்டு பேரும் சேர்ந்து போய் இன்றைக்கே பேர் மாற்றுவோம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்து, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெலி ஏற்றத்தில் விட்டுப் பார்ப்பார்கள்.

இவ்வளவு அவமானத்தையும் எந்த மானஸ்தர் பொறுப்பார்? "உங்களுக்கு இந்தக் கார் சரிவராது, வேற இடம் பாருங்க" என்று சொல்லி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். அந்த வியாபாரத்தில் வாங்க வந்தவனுக்கு அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அதுதான். அதற்காக அவரை நாம் எவ்வளவு வேண்டுமானாலும் வாழ்த்தலாம்.