ஃபீஸ் கேள்விகள்

படிக்கிற பிள்ளைகளுக்குப் போராட்டம் எதற்கு?
*– வாசகர், ஆத்தூர்*

படிப்பதற்குத்தான்! ஃபீஸ் கட்ட முடியாமல் பாதியில் நின்றுவிட்டால், எந்தப் புத்தகத்தைத் திறப்பது?

உட்கார்ந்து கோஷம் போட்டால் கட்டணம் குறைந்துவிடுமா?
*– வாசகர், ராசிபுரம்*

குறைந்ததே! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றது 2013இல். அதன் பிறகும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல். 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னபோதும் எழவில்லை. 2021 பிப்ரவரியில் அரசாணை வந்தது: 13,610 ரூபாய்!

சிதம்பரத்துச் சேதி நமக்கு எதற்கு? சேலம், நாமக்கல்லுக்கு என்ன லாபம்?
*– வாசகர், நாமக்கல்*

பெருந்துறை உங்களுக்குத் தூரமா? அங்கிருந்த சாலைப் போக்குவரத்து நிறுவன மருத்துவக் கல்லூரியிலும் லட்சங்களில் இருந்த கட்டணம் அப்போதுதான் அரசுக் கட்டணம் ஆனது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டியில் போகிறவரும், கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டுகிறவரும் மகளை டாக்டராக்க ஆசைப்படலாம்தானே?

கட்டணத்தை உயர்த்தக் கையெழுத்துப் போடுகிறவர்களே, முதலில் அந்த வீடுகளின் வருமானத்தைக் கேளுங்கள்.