உயிர்நீத்த மதர்போர்டும் மலிவிலைக் காற்றும்: ஓர் ஆராய்ச்சியுரை

இத்துறையில் விரிவான ஆய்வு இதுகாறும் நிகழவில்லை என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. மரபைப் போற்றி நாமும் அவ்வாறே தொடங்குகிறோம். ஆய்பொருள் இரண்டு: பவர் பட்டனை அழுத்தியும் அசையாத டெஸ்க்டாப்பின் மதர்போர்டைக் குறைந்த செலவில் மாற்றுதல், மாற்றியபின் கேபினட் ஃபேன்களை அடக்கி ஆளுதல். ஆய்வின் எல்லை மவுன்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவும், அதன் வழிவந்த வெளியூர்க் கடைகளும். லேப்டாப் தனிநூலுக்குரியது, இங்கே பேசப்படாது.

முதற்கண் இறப்பை நிறுவ வேண்டும். 'போர்டு போச்சு சார்' என்மனார் சர்வீஸ்காரர். அது கருதுகோளேயன்றி முடிபன்று. நன்னூல் எழுவகை மதம் கூறும். டிஸ்பிளே வராத கம்ப்யூட்டர் குறித்து நாட்டில் வழங்குவன மூன்றே. ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்க வேண்டும் என்பார் ஒரு சாரார். ஸ்லாட்டில் வாயால் ஊதினாலே போதும் என்பார் இன்னொரு சாரார். எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி மாட்டுக என்பது மூன்றாவது. இவற்றுள் ஊதல் மதம், காற்றோடு எச்சிலையும் சேர்த்து அனுப்புவதால் தள்ளப்படும். ஏனைய இரண்டும் கொள்ளப்படும். அழுக்கும் தளர்ந்த இணைப்பும் மரணத்தைப் போலவே நடிக்க வல்லன.

அற்றேல், எஸ்எம்பிஎஸ் இறந்து பழி போர்டின்மேல் விழுதலும் உண்டோ எனின், உண்டு. மின்பிளக்கை உருவிவிட்டு, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, அதன் பச்சை ஒயரையும் ஏதேனுமொரு கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுக்க, எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுழலுமாயின் அதற்கு உயிருண்டு. உயிருண்டு என்பதால் நலமுண்டு என்றாகாது. மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் 11.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் குற்றவாளி அகப்பட்டான் என்க. கேபினட்டின் பவர் பட்டனே கெட்டிருப்பதும் உண்டு; போர்டில் அதற்குரிய இரு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் தெரிந்துவிடும். இத்தனைக்கும் அசையாமல், கெப்பாசிட்டர்களும் தலை வீங்கி நிற்குமாயின் இறப்பு உறுதி. 2000-களின் முற்பகுதியில் உலகெங்கும் போர்டுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தது, கெட்ட எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்களால்தான்.

இனி மாற்றுதல். புதுப் போர்டு வாங்கப் போனவர், அது பழைய பிராசஸரை ஏற்காது என்பதால் பிராசஸரையும், அது பழைய ரேமை ஏற்காது என்பதால் ரேமையும் வாங்கி, கடைசியில் கம்ப்யூட்டரையே வாங்கிவிடுவது நாடறிந்த நிகழ்வு. ஆகவே போர்டைத் தேர்வது கையிலிருக்கும் பிராசஸரே. எடுத்துக்காட்டாக, 2011-இல் வந்த எல்ஜிஏ 1155 சாக்கெட் இன்டெல் சிப்புகளுக்கு எச்61 சிப்செட் போர்டு போதும். டிடிஆர்3 ரேமும் அப்படியே பயன்படும். 1155-க்கும் முந்தைய 1156-க்கும் வேறுபாடு ஒன்றுதானே எனின், அற்றன்று. அந்த ஒன்று ஒன்றன்று. பள்ளமும் பொருந்தாது, மின்னிணைப்பும் பொருந்தாது. அழுத்திப் பார்த்தோர்க்குப் பிராசஸரும் மிஞ்சாது.

செகண்ட்ஸ் போர்டு வாங்குவோர் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துச் சாக்கெட் பின்களைப் பார்க்க வேண்டும். வளைந்த ஒரு பின் ரேமுக்குரியதாக இருந்தால் ஒரு ஸ்லாட் ஊமையாகிவிடும். கடைக்காரர் டிஸ்பிளே காட்டியதும் சோதனை முடிந்தது என்பார். இரண்டு ரேம் ஸ்லாட், எல்லா சாட்டா போர்ட், யுஎஸ்பி, லேன் என்று நின்று கேட்பவரை அவர் பகைப்பார், அப்பகை நன்று. வீட்டுக்கு வந்தபின் கேபினட்டிலுள்ள பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களைப் புதிய போர்டின் துளைகளோடு ஒப்புநோக்குக. துளையில்லாத இடத்தில் ஒன்று எஞ்சி நின்றால், போர்டின் முதுகில் ஷார்ட் ஆகி, ஆய்வாளர் இவ்வுரையின் தொடக்கத்துக்கே திரும்ப நேரும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு போய்விடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க.

ஃபேன் இயலுக்கு வருவோம். மலிவான போர்டில் பிராசஸர் ஃபேனுக்கு ஒன்று, கேபினட் ஃபேனுக்கு ஒன்று என்பதோடு இடம் முடிந்துவிடுவது வழக்கம். கண்ணாடிக் கேபினட்டிலோ நான்கு ஃபேன் பல வண்ணத்தில் மின்னும். எஞ்சியவற்றை மோலெக்ஸில் நேராக மாட்டினால் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் இரையும். பாசிட்டிவை 12 வோல்ட்டிலும் நெகட்டிவை 5 வோல்ட்டிலும் இணைத்து, இடையிலுள்ள 7 வோல்ட்டில் ஓட்டுவது முன்னோர் கண்ட சிக்கனம், இன்றும் செல்லும். ஒரு ஸ்ப்ளிட்டர் கேபிள் போட்டு இரண்டு ஃபேனை ஒரே ஹெடரில் மாட்டுவது இன்னும் எளிது. ஹெடரின் வரம்பு பெரும்பாலும் 1 ஆம்பியர். 120 மிமீ ஃபேன் பொதுவாக அதில் மூன்றிலொரு பங்குகூடக் கேட்பதில்லை. நான்கு பின் ஃபேனைப் பிடபிள்யூஎம் குறியால் அடக்கலாம். மூன்று பின் ஃபேனுக்கு வோல்ட்டைக் குறைப்பதே வழி. அதை பயாஸில் 'டிசி' என்று அமைக்க இடமிருந்தால் அமைக்க, இல்லையேல் அது அடங்காது.

எத்தனை ஃபேன் வேண்டும்? இங்கே கணக்கு உதவும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். மின்செலவு ஏறத்தாழ எட்டிலொரு பங்காகும். இரைச்சல் சுமார் 15 டெசிபல் குறையும். அரை வேகத்தில் இரண்டு ஃபேன் ஓடினால் இரைச்சல் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே முழு வேக ஃபேன் ஒன்றைவிட அரை வேக ஃபேன் இரண்டு அதே காற்றைத் தந்து அமைதியாக இருக்கும். முன்னால் ஒன்று உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள, அவ்வளவே. முன்னதன் வேகம் சற்றுக் கூடுதலாக இருந்து, அதன் வாயில் கொசுவலைத் துண்டும் கட்டப்பட்டால் தூசி குறையும். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவைக்கும் மரபினரும் உளர். அவர் கேபினட்டில் சூடு குறைவு, பல்லி மிகுதி. எத்தனை ஃபேன் வைத்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கேபினட் போகாது. மே மாதச் சென்னையில் இதை மறத்தலாகாது.

எனவே மூன்றாவது, நான்காவது ஃபேனுக்கென எடுத்துவைத்த பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். புதுப் போர்டை மாட்டுமுன், பழையதைக் கொன்றது கேபினட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.