எட்டுக் கம்பி, ஏகப்பட்ட கேள்வி

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. கம்பெனி ஊழியர் ஹாலில் ஒரு பெட்டியை மாட்டி, பச்சை விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். மாடி அறைக்கும் வாசல் கேமராவுக்கும் கேபிள் இழுப்பது அதன்பிறகு வீட்டுக்காரரின் தலைவலி. கிரிம்பிங் டூலும் கையுமாக நிற்பவர்கள் அனுப்பிய கேள்விகளே இந்த இதழ் முழுவதும்.

“வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எதற்காக ஒப்பிக்க வேண்டும்? இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்கிறாரே எங்கள் தெரு எலக்ட்ரீஷியன்?” (திண்டுக்கல் வாசகர்)

பாதி உண்மை. பல்பு எரிந்தால் போதும் என்கிற வேலையாக இருந்தால் முக்கால் உண்மை என்றுகூடச் சொல்லலாம்.

கேபிளின் மேலுறையை உரித்தால் உள்ளே இருப்பது எட்டுக் கம்பி அல்ல, நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். சிக்னல் ஒரு கம்பியில் நேராகவும் ஜோடிக் கம்பியில் தலைகீழாகவும் போகிறது. வழியில் ஏறும் இரைச்சல், முறுக்கின் புண்ணியத்தில், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப் போகிறது. பக்கத்துத் தந்திக் கம்பிகளின் தொந்தரவு தொலைபேசியில் கேட்காமலிருக்க இந்த முறுக்குக்கு 1881இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

இதர்நெட் எதிர்பார்க்கும் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. எலக்ட்ரீஷியன் தன் வசதிக்கு ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுத்தடுத்து அடுக்கினால் 3ஆம் இடத்தில் வெள்ளைப் பச்சையும் 6ஆம் இடத்தில் நீலமும் வந்து நிற்கும். தொடர்ச்சி இருக்கிறது, முறுக்கு இல்லை. நாலடி கேபிளில் அது தப்பிவிடலாம். மாடிவரை போகும் கேபிளில் பாக்கெட்டுகள் கெட்டு, வேகம் படுத்துவிடும்.

“அப்படியானால் பச்சை ஜோடியை மட்டும் ஏன் பிரித்து, நடுவில் நீலத்தை நுழைத்தார்கள்? ஒழுங்காக அடுக்க மனமில்லையா?” (நாகர்கோவில் வாசகி)

பழி தொலைபேசியின் மேல். அமெரிக்கத் தொலைபேசி வயரிங்கில் முதல் லைன் நடு இரண்டு ஊசிகளில் வரும். எட்டு ஊசிச் சாக்கெட்டிலும் நடுவில் இருப்பது 4, 5. அங்கே நீல ஜோடி உட்கார்ந்தால், அதே சாக்கெட்டில் சின்ன டெலிபோன் பிளக்கைச் செருகினாலும் லைன் கிடைக்கும். நடு இடம் பறிபோனதால் அடுத்த ஜோடி இருபுறமும் விலகி 3, 6 ஆனது. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்ற நிறங்களும் 25 ஜோடி டெலிபோன் கேபிளின் நிறக் கணக்கிலிருந்து வந்தவையே.

“டி568ஏ நல்லதா, டி568பி நல்லதா?” (ஆவடி வாசகர்)

இரண்டும் ஒன்றே. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறுவதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை, வேகத்தில் இம்மியும் கூடாது, குறையாது. நம் ஊர் கேபிள்காரர்கள் பெரும்பாலும் அடிப்பது ‘பி’: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

ஒரு முனையில் ‘ஏ’, மறுமுனையில் ‘பி’ அடித்தால் கிடைப்பது கிராஸ் கேபிள். இரண்டு கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைக்க ஒரு காலத்தில் அது இல்லாமல் முடியாது. எந்தக் கேபிளைச் செருகினாலும் கருவியே புரிந்துகொண்டு மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை ஹெச்.பி. பொறியாளர்கள் உருவாக்கிய பிறகு, கிராஸ் கேபிள் நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்வியாக மட்டும் உயிர் வாழ்கிறது.

“கேபிள் டெஸ்டரில் ஐந்தாம் விளக்கு எரியவில்லை. ஆனாலும் நெட் வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?” (ஓசூர் வாசகர்)

மாதாமாதம் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டி, நூறுக்கும் குறைவாகப் பெறுவதில் ஆட்சேபம் இல்லையென்றால் விட்டுவிடலாம். 100 எம்பிபிஎஸ் இதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகளே போதும். 1999இல் வந்த கிகாபிட் தரத்துக்கு எட்டும் வேண்டும்: ஜோடிக்கு 250 எம்பிபிஎஸ், அதுவும் ஒரே நேரத்தில் இரு திசையிலும். ஒரு கம்பி விடுபட்டாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். கேபிளைக் குறை சொல்வதற்கு முன் ரவுட்டரின் போர்ட்டையும் பார்த்துவிடுவது நல்லது. மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட்டே 100தான்.

எட்டு விளக்கும் எரிந்தாலும் அதிகம் குதிக்க வேண்டாம். இந்த மலிவு டெஸ்டர் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு எண்ணும் “உள்ளேன் ஐயா” சொல்கிறதா என்று கேட்கும்; யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காது. திண்டுக்கல் எலக்ட்ரீஷியனின் கேபிள் இதில் முழு மதிப்பெண் வாங்கும்.

“டூல் வாங்கிவிட்டேன், யூடியூபும் பார்த்துவிட்டேன். கனெக்டர்கள்தான் குப்பைக்குப் போகின்றன. எங்கே தவறு?” (கரூர் வாசகி)

வழக்கமாக நான்கு இடங்களில்.

முதலாவது, ஒவ்வொரு கம்பியின் பிளாஸ்டிக்கையும் பிளேடால் சுரண்டி எடுப்பது. தேவையே இல்லை. கனெக்டரில் உள்ள தங்க முலாம் பூசிய பற்கள் அழுத்தும்போது பிளாஸ்டிக்கைக் கிழித்துத் தாமிரத்தைத் தொடும். உரிக்க வேண்டியது வெளி உறையை மட்டும்தான்.

இரண்டாவது, முறுக்கை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்துவிட்டு அழகாக நீவுவது. வரிசைப்படுத்தும்போது நீளம் இருக்கலாம். ஆனால் கனெக்டரில் நுழைக்கும் முன் 13 மில்லிமீட்டர் அளவு விட்டு, கம்பிகளை நேர்கோட்டில் நறுக்கிவிட வேண்டும். முறுக்கு பிரிந்த பகுதி அதைத் தாண்டக் கூடாது என்பது தரவிதி.

மூன்றாவது, வெளி உறையைக் கனெக்டருக்கு வெளியே விட்டுவிடுவது. டூலை அழுத்தும்போது பிளாஸ்டிக் ஆப்பு ஒன்று கீழே இறங்கும். அது உறையைக் கவ்வ வேண்டும். கம்பிகளைக் கவ்வினால் ஒருமுறை இழுத்தவுடன் கையோடு வந்துவிடும்.

நான்காவது, கனெக்டரைத் தலைகீழாகப் பிடிப்பது. கிளிப் அடியில், தங்கப் பற்கள் மேலே, துளை நம்மைப் பார்த்து. அப்போது இடது ஓரம்தான் 1ஆம் எண். கம்பி முனைகள் கண்ணாடி போன்ற முன்சுவரில் முட்டி, எட்டுச் செம்புப் புள்ளிகள் தெரிந்தால்தான் டூலை அழுத்த வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தகராறு செய்தால், வாங்கியது கேட்5இ கனெக்டரா என்று பார்க்கலாம். கேட்6 கம்பி பொதுவாகச் சற்றுத் தடிமன். பழைய துளையில் நுழைய அடம்பிடிக்கும்.

“கடையில் 305 மீட்டர் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?” (ஈரோடு வாசகர்)

முனையை நறுக்கி, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்க்கலாம். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளி நிறமும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடை மொழியில் சி.சி.ஏ. பெட்டியைத் தூக்கும்போதே எடை குறைவாக இருக்கும். அலுமினியத்தின் மின்கடத்து திறன் தாமிரத்தில் சுமார் 60 சதவீதம். இரண்டு மூன்று முறை மடித்தால் ஒடிந்தும் போகும். கேபிள் தரவிதிகள் இதை ஏற்பதில்லை.

கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் விவகாரம் பெரிதாகும். 2003இல் இந்த முறை தரமாக வந்தபோது ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2018இல் வந்த தரத்தில் 90 வாட்வரை. தடை அதிகமான கம்பியில் அந்த மின்சாரத்தின் ஒரு பங்கு கேமராவுக்குப் போகாமல் கேபிளைச் சூடேற்றப் போகும். பாதி விலை மிச்சம் பிடித்து, சுவருக்குள் ஹீட்டர் வைத்த கதைதான்.

“தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகைக்கு 140 மீட்டர். ஒரே இழுப்பில் இழுத்துவிடலாமா?” (பொள்ளாச்சி வாசகர்)

விதிப்படி 100 மீட்டர்தான்: சுவரிலும் குழாயிலும் ஓடும் நிலையான கேபிள் 90, இரு முனைகளிலும் செருகும் பேட்ச் கார்டுகள் சேர்த்து 10. அதற்கு மேல் சிக்னல் தேய்ந்துவிடும். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் கணக்கு மறுபடி தொடங்கும்; ஆனால் தோப்பின் நடுவில் அதற்கு மின்சாரமும் கூரையும் வேண்டும். திறந்தவெளியில் இடி, மின்னல் பயமும் உண்டு. ஃபைபர் இழுப்பதே உத்தமம்.

“வைஃபை இருக்கும்போது இந்தக் கம்பியைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?” (தாம்பரம் வாசகி)

அலுவலகக் கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒட்டியிருக்கும் வைஃபை கருவியைக் கழற்றிப் பார்த்தால், அதன் முதுகில் கேபிள்.

“ஒருமுறை கிரிம்ப் செய்த கனெக்டரைத் திரும்பப் பயன்படுத்தலாமா?” (விருதுநகர் வாசகர்)

முடியாது. பாக்கெட்டில் நூறு போட்டு விற்பது அதனால்தான்.

“கனெக்டரின் கிளிப் உடைந்துவிட்டது. டேப் ஒட்டிச் சமாளிக்கலாமா?” (சேலம் வாசகர்)

கிளிப் பிடித்திருந்தால்தான் பற்கள் சாக்கெட்டின் கம்பிகளோடு ஒட்டி நிற்கும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய இரண்டு மூன்று நிமிடமே ஆகும். விவரமான கேபிள்காரர்கள் சுவரோரம் ஓரடி கூடுதலாக விட்டுவைப்பதும் இதற்காகத்தான். டேப்பும் தாங்கும், அடுத்த முறை வீடு பெருக்கும்வரை.