உடனடி நூடுல்ஸ்: மூலபாடமும் இடைச்செருகலும்

இரண்டே நிமிடத்தில் முடியும் என்று உலகம் நம்புகிற ஒரு காரியத்தை முக்கால் மணி நேரத்துக்கு இழுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். ஆய்வுக் கருவிகள்: ஒரு வாணலி, ஒரு அஞ்சறைப் பெட்டி, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பசிக்கிற வயிறு. ஆய்வுக்கு உட்பட்டோர்: அந்நேரம் வீட்டில் விழித்திருந்தவர்கள். அவர்களிடம் முன் அனுமதி பெறப்படவில்லை.

பாக்கெட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் செய்முறையை மூலபாடம் எனக் கொள்வோம். சுருங்கச் சொல்லி விளங்கவைப்பதில் அதற்கு இணையான சூத்திரம் இல்லை. தண்ணீர் கொதிக்கட்டும், நூடுல்ஸைப் போடு, மசாலாவைக் கொட்டு, கிளறு. இதற்கு மேல் வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை என்று சேர்ப்பதெல்லாம் பிற்காலத்தார் கைவரிசை என்பது தூய்மைவாதிகளின் கட்சி. ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியாமல் கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைத்தவர்கள் பெரும்பாலும் இக்கட்சியினர். அவர்களுடைய பக்தியில் குறையில்லை, சரித்திர அறிவுதான் போதாது.

1958இல் ஜப்பானில், ஒசாகா மாகாணத்து இகெதா என்னும் ஊரில், வீட்டுக் கொல்லையில் போட்ட கொட்டகையில் மொமொஃபுக்கு அண்டோ முதல் உடனடி ராமெனைச் செய்தார். நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் ஈரம் வெளியேறி நுண்துளைகள் விழும். வெந்நீர் பட்டதும் அத்துளைகள் வழியே நீர் ஏறி இழை மறுபடி இளகும். இதுதான் அவர் கண்ட நுட்பம். நமக்கு முக்கியம் வேறொன்று. அந்தச் சிக்கன் ராமெனில் சுவையெல்லாம் இழையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. தனி மசாலாப் பொட்டலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆக, தூய்மைவாதிகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்தச் சின்னப் பொட்டலமே இடைச்செருகல்தான்! இந்தப் புள்ளியில் எதிர்க்கட்சி பேச்சிழந்து நிற்பதால் மேலே செல்வோம்.

இந்தியாவுக்கு மேகி நூடுல்ஸ் வந்தது 1983இல். 2015 ஜூனில் ஈயம் பற்றியும் உறையில் அச்சிட்டிருந்த ‘எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகம் பற்றியும் எழுந்த சர்ச்சையில் அது தடைபட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களை இவ்வாய்வு ‘சுவடி கிடைக்காத காலம்’ என்று குறிப்பிடும்.

இனி வேதியியல். 1908இல் கிகுனாயே இகெதா, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டார்; மேற்படி எம்எஸ்ஜியின் ‘ஜி’ இதுதான். (இவருக்கும் மேற்படி ஊருக்கும் சம்பந்தமில்லை. குழப்பிக்கொள்ளும் மாணவர்களுக்கு மதிப்பெண் குறைக்கப்படும்.) 1913இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா, கட்ஸுவோபுஷி என்ற காய்ந்த மீனிலிருந்து இனோசினேட்டைக் கண்டெடுத்தார். இந்த இரண்டும் தனித்தனியே இருக்கும்போது சுமார்தான். ஒன்றாகச் சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும். நூடுல்ஸ் உறையில் பொடி எழுத்தில் 627, 631, 635 என்று எண்கள் இருந்தால், இந்தக் கூட்டாளி வகையைச் சேர்ந்தவைதான் உள்ளே வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

பரிசோதனைக்கு வருவோம். இட்லி மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் சேர்க்கும் முறை பரவலானது, தகுதியும் உடையது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே நல்லெண்ணெய் இங்கே அலங்காரம் அல்ல. ஆனால் அடுப்பை அணைத்த பிறகுதான் தூவ வேண்டும். கொதியில் போட்டால் வறுத்த உளுந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கூழாகிவிடும். அதை நூடுல்ஸ் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது.

ரசப்பொடிக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, பிடிவாதத்தில் அதிகம். பொடி பச்சையாக நாறாமல் இருக்க ஒரு கொதி வேண்டும். அந்தக் கொதிக்குள் நூடுல்ஸ் குழைந்துபோகும். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, ரசத்தை முதலில் வைத்துவிட்டு அதில் நூடுல்ஸைப் போடுவது. அப்படியானால் சோறே போடலாமே என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை. எலுமிச்சம்பழத்தை இறக்கிய பிறகு பிழிவதே சரி. மஞ்சள் நிறத்துக்கும் இழுவைக்கும் மாவில் கார்பனேட் உப்புகள் சேர்ப்பதுண்டு. புளிப்பு முன்னதாகவே போனால் அவற்றோடு மல்லுக்கட்டிக் கொஞ்சம் மழுங்கும், வாசனையும் ஆவியோடு போய்விடும்.

கெட்சப் பற்றி எழுதக் கட்டுரையாசிரியருக்கு விருப்பமில்லை.

ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் இறுகக் காயவைத்தால் மாசி. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்வார்கள். இலங்கையில் சம்பலுக்கு இடித்துப் போடுவார்கள். பார்க்க விறகுச் சிராய் மாதிரி இருக்கும். இடிகல்லில் வைத்து நாலு தட்டுத் தட்டினால் மேல்தோல் பிளந்து உள்ளே அரக்குச் சிவப்பு தெரியும், புகைவாசனை கிளம்பும். கொதாமா ஆராய்ந்த கட்ஸுவோபுஷியும் இதே சூரை இனத்து மீன்தான், அதே அவியல், அதே புகை. நம் மளிகைக்கடைக் கருவாட்டு மூலையில் கிடக்கிற சரக்குக்கு ஜப்பானில் மியூசியம் மரியாதை.

செய்முறை இது: இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு வெடித்து அடங்கியதும் பெருங்காயம், கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு. பழுத்த தக்காளி ஒன்றை அதில் கரைய வதக்க வேண்டும். தக்காளியில் குளுட்டமேட் தாராளம். இடித்த மாசி ஒரு ஸ்பூன் போட்டு ஒரு புரட்டு. தண்ணீர், நூடுல்ஸ். சைவர்கள் மாசிக்குப் பதில் காய்ந்த காளானைப் பொடித்துப் போடலாம். அதிலிருக்கும் குவானிலேட் அதே வேலையைச் செய்யும்.

இவ்வளவையும் போட்டு, மசாலாப் பொட்டலத்தையும் முழுசாகக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. இங்கேதான் முன்னோர் அனைவரும் சறுக்கினார்கள். மிளகாய்ப்பொடியில் உப்பு, மாசியில் உப்பு, ஊறுகாய் எண்ணெயில் உப்பு. சேர்க்க ஆயிரம் பேர் யோசித்திருக்கிறார்கள், குறைக்க ஒருவரும் யோசிக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. ஆவக்காய் எண்ணெயும் முழுப் பொட்டலமும் சேர்ந்த மாதிரியை உண்ட மாமா, கருத்து எதுவும் சொல்லாமல் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அது தரவாகப் பதிவு செய்யப்பட்டது. ஆகவே எந்தச் சேர்மானம் ஆனாலும் பொட்டலத்தில் பாதியே போட வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு.

வாய்மொழித் தேர்வில் அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏண்டா, இதுக்கு ரவா உப்புமா கிண்டியிருந்தா இந்நேரம் தின்னுட்டுப் படுத்திருக்கலாமே?” வினா ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தள்ளுபடி செய்யப்பட்டது. தட்டை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

ஒரு துணை விளைவையும் சொல்லிவிட வேண்டும். பாதி போட்டு மடித்து ரப்பர் பேண்டு சுற்றிய மசாலாப் பொட்டலங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை எடுத்து அம்மா உருளைக்கிழங்கு வறுவலில் கொட்டிவிட்டார். அன்று வறுவல் சோறு வடிப்பதற்குள் தீர்ந்துபோனது. நூடுல்ஸுக்கு அப்படி ஒரு வரவேற்பு எந்தக் கட்டத்திலும் கிடைக்கவில்லை. மாசி இன்னும் அரைப் பொட்டலம் இருக்கிறது; எறும்பு வராமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.