அனாதைக் குண்டு

மட்டாஞ்சேரிச் சந்துகளில் மூச்சு முட்டினால் நாங்கள் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவோம். அங்கே ஒரு மதில் இருக்கிறது. அதற்குள்ளே ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா, கடற்படையின் பீரங்கிப் பள்ளி. பயிற்சிக்கும் மக்களுக்கும் இடையே சமநிலை வேண்டும் என்பார்கள். இருக்கிறதே! அவர்களுக்கு மதில், நமக்கு எச்சரிக்கை.

2022 செப்டம்பர் 7. மீன்பிடித்துத் திரும்பிய படகில் எழுபது வயதை ஒட்டிய மீனவர் ஒருவர். எங்கிருந்தோ வந்த குண்டு காதைக் கிழித்துக்கொண்டு படகிலேயே விழுந்தது. தலைக்கு வந்தது காதோடு போயிற்று. பழைய துரோணர் வேடனிடம் கட்டைவிரல் கேட்டார், புதியவர் காது கேட்கிறார் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதக் கூடாது. குண்டு எங்களுடையது அல்ல என்று கடற்படை சொல்லிவிட்டது.

அன்று கரையில் சுடும் பயிற்சி நடந்தது. படகில் குண்டு கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லையாம். அப்படியானால் சுட்டது யார்? சீன வலைக்காரரா? எங்கள் தெரு மிளகு வியாபாரியா? கடற்படையின் துப்பாக்கிகளைப் போலீஸ் சோதனைக்குக் கேட்டது. 2023 மார்ச்சில் குடியரசுத் தலைவர் வந்து பள்ளிக்குக் கொடி வழங்கிச் சிறப்பித்தார். காதுக்குத் தையல், பள்ளிக்குக் கொடி.

இதே கேரளக் கடலில் 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கப்பலில் இருந்தவர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் செத்தார்கள். அப்போது குண்டின் குலம் கோத்திரம் உடனே தெரிந்தது. கப்பலையே கொச்சிக்கு இழுத்து வந்தோம். வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போனது. 2021இல் 10 கோடி ரூபாய் வாங்கினோம். சபாஷ். அந்நியன் சுட்டால் மீனவன் இந்தியன். மற்றபடி அவன் குறுக்கே வந்தவன்.

குறுக்கே வராதவர்களும் தப்பவில்லை. புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை சுடப் பழகியது. தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 3 அன்று செத்தான். காஷ்மீரின் தோசமைதான் புல்வெளியில் 1964 முதல் 2014 வரை பீரங்கிப் பயிற்சி. மேய்க்கவும் விறகு பொறுக்கவும் போன ஊர்க்காரர்கள் 60 பேருக்கு மேல் பலி.

பயிற்சி வேண்டாம் என்று யார் சொன்னது? பழகாத கையில் துப்பாக்கி கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் நம்மை மட்டும்தான் அளக்கிறது. ராணுவ வளாகத்திலிருந்து 100 மீட்டருக்குள் வீடு கட்டத் தடையில்லாச் சான்று வேண்டும் என்றது 2011 சுற்றறிக்கை. உங்கள் மொட்டைமாடி தேசத்துக்கு ஆபத்து. மதில் தாண்டும் குண்டு வெறும் தற்செயல். பயிற்சி நாளில் கடலுக்குப் போகாதே என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். அன்றைக்கு அடுப்பு எரிய யார் தருவார் என்ற வரி அதில் இருக்காது.

படகுக்குப் பதிவெண் உண்டு. மீனவருக்குக் கைரேகை வைத்த அடையாள அட்டை உண்டு. இந்தக் கடலில் ஆதார் இல்லாமல் திரிய அனுமதி பெற்றது அந்தக் குண்டு ஒன்றுதான்.